சார்ஜன்ட் கிவும்பி தரையில் இறங்கினார்

"சார்ஜன்ட், பஸ் வந்து நிக்குது. சவாரி போயிரும்."

"போகட்டும்" என்றார் கிவும்பி, கண்ணைத் திறக்காமல்.

தைத்து முடித்த சீட்டின்மேல் தானே ஏறி உட்கார்ந்து பார்க்காமல் அவர் எந்த மோட்டார் சைக்கிளையும் வெளியே விடுவதில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருக்கிற இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலில் மிஞ்சிய அரைத் தொடையைப் பெட்ரோல் டாங்கியின்மேல் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்து பார்ப்பார். வண்டிக்காரன் பக்கத்தில் நின்று நெளிவான். அவசரப்படுத்தினால் அசைவு இன்னும் நிதானமாகும்.

"ஒன் பின்னாடி உக்கார்றவ புள்ளத்தாச்சியா இருந்தா? ரெக்சின்ல ஒரு மடிப்பு இருந்தாலும் அவ இடுப்பு என்னத்துக்கு ஆகும்? உக்கார்றதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதுடா. நீ வண்டியில தொத்திக்கிட்டுத் திரியுற ஆளு."

மசாக்கா ஊரில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் கிவும்பி தைத்த சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த சீட்டுக்குள் இருக்கும் பஞ்சும் மேலே இருக்கும் ரெக்சினும் என் கடைச் சரக்கு. அடுத்தடுத்த கடை. என் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவே ஒரே ஒரு தகரத் தடுப்பு. அவர் தும்மினால் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த ஊரில் என் தலை நரைத்ததில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

உட்காரும் விஷயத்தில் அவர் வைத்திருந்த கொள்கை ஊருக்கே தெரியும். நாற்காலி இல்லாத இடத்துக்கு அவர் போக மாட்டார். கோயிலானாலும் சாவு வீடானாலும், போகிற வண்டியின் பின்னால் அவருடைய மடக்கு நாற்காலி கயிற்றால் கட்டப்பட்டு வரும். ஆண்கள் நாற்காலியில் உட்காருவதும் பெண்கள் பாயில் உட்காருவதும் இங்கே எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அவசரத்துக்கு மற்ற ஆண்கள் புல்லிலும் உட்காருவார்கள், கல்லிலும் உட்காருவார்கள். கிவும்பி உட்கார மாட்டார். ஒரு கல்யாணத்தில் நாற்காலி தீர்ந்துபோய்விட்டது என்று பலாமரத்தில் சாய்ந்து நின்றபடியே மதோகே வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும் முழு விருந்து சாப்பிட்டு முடித்தார். தட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தரையில உக்காந்தா என்ன சார்ஜன்ட் குறைஞ்சிரும்?" என்று கேட்டதற்கு, "ஏற்கெனவே ஒரு காலு குறைஞ்சிருக்கு. இன்னும் என்ன குறையணும்ங்கிறீங்க?" என்றார்.

அந்தக் கால் மொகதிஷுவில் போனது. அமைதிப்படையில் இருந்தபோது சாலையோர வெடிகுண்டு. யாராவது உச்சுக்கொட்டிக்கொண்டு விசாரித்தால் அவருக்குப் பிடிக்காது. "போச்சுன்னு யாரு சொன்னா? அது இன்னும் அங்கதான் டியூட்டியில இருக்கு. மாத்துறதுக்கு ஆள் வரல" என்பார். குழந்தைகள் கேட்டால் கதை வேறு மாதிரி போகும்: அடிக்கடி விடுப்புக் கேட்டதால் கமாண்டர் கோபித்துக்கொண்டு காலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டாராம்.

இந்தச் சிரிப்பெல்லாம் ஒரு வார்த்தையில் நின்றுபோகும். "இவர் முன்னாடி சார்ஜன்ட்டா இருந்தாரு" என்று யாராவது சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அன்று முழுக்கத் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும். சட்டையைத் தினமும் பெட்டி போட்டுத்தான் உடுத்துவார். தோளில் பட்டை வைத்துத் தானே தைத்துக்கொண்டது. ஆனால் நாட்டுக்கொடி போட்ட பட்டாளத்துச் சட்டையை அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். திரும்பப் போட வழியில்லை. ஒருமுறை கேட்காமலேயே என்னிடம் சொன்னார்: "அண்ணே, காலு போனது கூட ஒண்ணுமில்ல. அந்தச் சட்டைய மடிச்சுக் குடுத்தேன் பாருங்க, அன்னிக்குத்தான் அழுதேன்."

கிவும்பியின் வாழ்க்கையில் அவர் கண்ணால் பார்க்காத ஒரு முக்கியப் புள்ளி உண்டு. அது அவருடைய மாமியார். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊர் முழுக்க அவளை நாலோங்கோ என்று மரியாதையாகக் கூப்பிடும். மாப்பிள்ளையும் மாமியாரும் முகம் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, ஒரே அறையில் இருக்கக் கூடாது. இது இங்கே மண்ணோடு உள்ள சட்டம். நாலோங்கோவின் வீடு இரண்டு தெரு தள்ளி. காலையில் மாப்பிள்ளை வீட்டுப் பின்வாசல் வழியாக மகள் பெத்ராவுக்குச் சமையலில் உதவ வருவாள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் சமையல்கட்டு, நடுவே ஒரு சுவர், சுவரில் திரை போட்ட ஒரு வாசல். கிவும்பி பின்பக்கம் போக வேண்டுமானால் ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால் ஊரே காவல் காக்கும். "நாலோங்கோ, மாப்பிள்ளை வர்றாரு!" என்று தக்காளி விற்கிறவள் கத்துவாள். அந்த அம்மாள் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் புகுந்துவிடுவாள்.

பார்க்கத்தான் கூடாதே தவிர, பேசலாம். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு இருவரும் பேசுகிற பேச்சை இந்த ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் பேசியிருக்க மாட்டார்கள்.

"மாப்பிள்ளை, வானொலியில மழைன்னு சொன்னான்."

"அவன் நேத்தும் சொன்னான் அத்தை."

"நேத்துச் சொன்னது இன்னிக்கு வருது. அவன் பொய் சொல்றவன் இல்ல, முன்கூட்டிச் சொல்றவன்."

இப்படி மணிக்கணக்கில் போகும். நடுவில் பெத்ரா இரண்டு பக்கமும் தேநீர் கொடுத்துக்கொண்டு, யார் பக்கமும் பேசாமல் இருப்பாள்.

இந்த மனிதரை விளையாட்டில் இழுத்துவிட்டது அகுருட். கிழக்கே தேசோ பகுதியிலிருந்து வந்து இங்கே பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருப்பவள். வலைக் கம்பங்களைச் சுற்றிக் கட்டப் பஞ்சு வாங்க என் கடைக்கு வந்தாள். அந்த நேரம் கிவும்பி ஒரு முழு ரெக்சின் சுருளை ஒற்றைக் கையில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையில் ஊன்றுகோலோடு படியிறங்கினார். அகுருட் பஞ்சை மறந்துவிட்டாள்.

"உங்க தோளு சும்மா கெடக்குதே."

"சும்மா இல்ல டீச்சர். அதுக்குப் பென்ஷன் வருது."

"உக்காந்து ஆடுற வாலிபால் கேள்விப்பட்டிருக்கீங்களா? காலு இல்லாதவங்க ஆடுறது. வலை இடுப்பு உயரம்தான் இருக்கும். எல்லாரும் தரையில உக்காந்து ஆடுவாங்க."

"தரையிலயா?" கிவும்பி சுருளை இறக்கி வைத்தார். "நாற்காலியில உக்காந்து ஆடுற ஆட்டம் எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

"இருக்கு. சீட்டாட்டம்."

நான் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை. ஆனால் அகுருட் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். தேசிய அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், தேறினால் கொடி போட்ட சட்டை கொடுப்பார்கள் என்று. அன்று மாலை வரை தையல் மெஷின் சத்தமே வரவில்லை.

சனிக்கிழமை போனார். நாற்காலியோடுதான் போனார். பள்ளிக்கூடத்தின் சிமென்ட் அரங்கில், கோட்டுக்கு வெளியே நாற்காலியை விரித்துப் போட்டுக்கொண்டு, கீழே கிடந்து ஆடுகிற ஆண்களையும் பெண்களையும் அதட்ட ஆரம்பித்தார். "அங்க என்ன தூக்கம்? வலப்பக்கம் நகரு! பந்து வந்தாச் சல்யூட்டா அடிப்பே?" அவர் அங்கே சும்மா பார்க்க வந்தவர் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. பொறுத்துப் பார்த்த ஒரு பெண், சந்தையில் உலர்மீன் விற்கிறவள், இரண்டு காலும் சூம்பியவள், ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து சார்ஜன்ட்டின் நெஞ்சில் விழுந்தது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார், நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

தூக்கிவிட ஓடியவர்களை அகுருட் கை நீட்டித் தடுத்தாள். பந்து உருண்டு அவர் முகத்தருகே வந்து நின்றது. கிடந்த கிடையில் கோபத்தோடு அதை ஓர் அறை அறைந்தார் பாருங்கள், வலையைத் தாண்டி, எதிர்க்கோட்டைத் தாண்டி, சன்னல் கண்ணாடியையும் தாண்டிப் போயிற்று.

"வெளிய போச்சு" என்றாள் அகுருட். "ஆனா அடி நல்லா இருந்துச்சு."

அடுத்த சனிக்கிழமை நாற்காலி போகவில்லை.

அந்த ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. பந்தை அடிக்கும்போது பின்பாகம் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் புள்ளி எதிரிக்கு. ஆயுள் முழுக்கத் தரையைத் தொடாத ஒரு பின்பாகத்துக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் இல்லையா, வழி கண்டுபிடித்தார். அரைக்கால் சட்டையின் பின்னால் என் கடையின் உயர்ரகப் பஞ்சை இரண்டு விரல் கனத்துக்கு வைத்து, மேலே வழவழப்பான ரெக்சின் போட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டுக்குப் போடுகிற அதே இரட்டைத் தையல் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு தள்ளு தள்ளினால் கோட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வழுக்கிக்கொண்டு போனார். மற்றவர்களெல்லாம் தங்களுக்கும் ஒன்று தைத்துத் தரச் சொன்னார்கள். அகுருட் கத்தரிக்கோல் எடுத்துவரச் சொன்னாள். பஞ்சு வைத்து ஆட விதியில் இடமில்லையாம்.

"பட்டாளத்துல கூட இவ்வளவு கொடுமை பாத்ததில்ல" என்று முனகிக்கொண்டே தையலைப் பிரித்தார். பிறகு சிராய்ப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு ஆடினார். அவர் சர்வீஸ் அடித்தால் பந்து வலையைத் தாண்டியதும் தலை கவிழ்ந்து விழும். தலைநகர் கம்பாலாக்காரர்கள் கூட அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அகுருட் சொன்னாள். மாலையில் வீட்டிலும் பாயில் உட்கார்ந்து, வாழைநார்ப் பந்தைச் சுவரில் அடித்துப் பழகினார்.

பெத்ராவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "எந்திரிங்க. யாராச்சும் பாத்தா நான் புருஷன பாயில வச்சுக் குடும்பம் நடத்துறேன்னு சொல்வாங்க." யாரும் பார்க்கவில்லை. ஆனால் கேட்க ஒருத்தி இருந்தாளே.

"பெத்ரா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலோங்கோவின் குரல் வந்தது. "மாப்பிள்ளை எங்க உக்காந்திருக்காரு? கொரல் கீழேருந்து வருது."

மறுநாள் காலை நாலோங்கோ வீட்டு வரவேற்பறை நாற்காலி, மெத்தையோடு, ஒரு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது.

"எங்க வீட்டுப் பொண்ணக் கட்டுனவருக்கு உக்கார எடமில்லன்னு ஊரு பேசக் கூடாது" என்றது குரல்.

"நாற்காலி இருக்கு அத்தை. நானாத்தான் கீழ உக்கார்றேன்."

"நீங்களாவா? காய்ச்சலா?"

கிவும்பி ஆட்டத்தை விளக்கினார். நாலோங்கோ அந்தப் பக்கம் கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"கொடி போட்ட சட்டை."

"சட்டையப் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காரலாமா?"

"தாராளமா உக்காரலாம் அத்தை."

"அப்பன்னா சீக்கிரம் வாங்குங்க."

தேர்வு ஆட்டம் எங்கள் ஊர் அரங்கிலேயே நடந்தது. கம்பாலா அணி வந்திருந்தது. தேர்வாளர்கள் மூன்று பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மசாக்கா அணியிலிருந்து ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று அகுருட் முன்பே சொல்லியிருந்தாள். ஊரில் வெட்டுக்கிளிக் காலம். ஆளுக்கொரு பொட்டலம் வறுத்த வெட்டுக்கிளியோடு சனம் திரண்டிருந்தது. ஆண்களுக்குப் பெஞ்சு, பெண்களுக்குக் கோட்டின் ஓரமாகப் பாய்.

முதல் சுற்றில் கிவும்பி ஆடியதைப் பார்த்து எனக்கே நம்ப முடியவில்லை. தேர்வாளர்கள் அவரைக் காட்டி ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் சுற்று தொடங்கியது. அவர் பந்தைத் தூக்கிப் போட்டார், கையை ஓங்கினார். அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"அந்தத் தாடிக்காரன் பக்கம் அடிங்க! அவனுக்குக் கண்ணு சரியில்ல!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பந்து அவர் தலையிலேயே விழுந்தது.

அந்தக் குரலை அவர் தூக்கத்திலும் கண்டுபிடிப்பார். நாலோங்கோ தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். வானொலியில் ஆட்டம் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்ததும் கிளம்பி வந்துவிட்டாளாம். கிவும்பி முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பினார். எழுந்து ஓடவும் வழியில்லை, ஊன்றுகோல் கோட்டுக்கு வெளியே. அதற்குப் பிறகு அவர் ஆடியது சுவரைப் பார்த்து ஆடின ஆட்டம். இடப்பக்கம் வந்த பந்தெல்லாம் அவர் காதோரமாகப் போயிற்று. கம்பாலாக்காரர்கள் அதைக் கண்டுகொண்டு எல்லாப் பந்தையும் இடப்பக்கமே அனுப்பினார்கள். தேர்வாளர்களில் ஒருவர் வெட்டுக்கிளிப் பொட்டலத்தைப் பிரித்து அதில் கவனம் செலுத்தத் தொடங்கினார்.

அகுருட் ஆட்டத்தை நிறுத்தி ஓடி வந்தாள். "சார்ஜன்ட், கழுத்துல சுளுக்கா?"

"மாமியார்" என்றார் கிவும்பி, உதட்டை அசைக்காமல்.

"எங்க ஊர்லயும்தான் மாமியார் இருக்காங்க. பந்து அவங்க வீட்டுப் பந்தா? இன்னும் ரெண்டு பந்த விட்டீங்கன்னா ஒங்கள வெளிய எடுத்துருவேன்."

கிவும்பி என்னைத் தேடினார். குண்டு வெடித்த கதையைச் சிரித்துக்கொண்டு சொல்கிற மனிதர், அழுகிற நிலையில் இருந்தார். "அண்ணே, போய் அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. ஒங்களக் கும்பிடுறேன். இந்தச் சட்டை போச்சுன்னா எனக்கு வேற சட்டை இல்ல."

போய்ச் சொன்னேன். நாலோங்கோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆட்டம் பாதியில நிக்கிது, நான் எப்படிப் போவேன்?"

"நீங்க இருந்தா அவரால ஆட முடியல."

"நான் இருக்கிறதா பிரச்சினை? என்னைப் பாக்கிறதுதான பிரச்சினை?" பக்கத்துப் பெண்களைப் பார்த்தாள். "ஏய், எல்லாரும் எந்திரிங்க. பாயத் தூக்குங்க."

உட்கார்ந்திருந்த பாயை நான்கு பெண்கள் தூக்கி நிமிர்த்திப் பிடித்தார்கள். நாலோங்கோ அதற்குப் பின்னால் சிமென்ட்டில் உட்கார்ந்துகொண்டு, பாயின் ஒரு கிழிசலில் கண்ணை வைத்தாள். "இப்ப நம்ம வீட்டுச் சொவருதான். ஆடச் சொல்லு."

கிவும்பி மெல்லத் திரும்பிப் பார்த்தார். பாய் தெரிந்தது. பாய்க்குப் பின்னாலிருந்து, "மாப்பிள்ளை, தாடிக்காரன்!" என்று குரல் வந்தது. தாடிக்காரன் பக்கம் ஓர் அடி விழுந்தது. புள்ளி.

அதற்குப் பிறகு நடந்ததை விளையாட்டு என்பதா, குடும்பப் பேச்சு என்பதா? "எடது பக்கம் காலியா இருக்கு!" "பாத்துட்டேன் அத்தை!" "அந்தக் குள்ளன் ஏமாத்துறான், கைய மட்டும் காட்டுவான்!" "தெரியும் அத்தை!" கம்பாலா அணித்தலைவன் நடுவரிடம் முறையிட்டான். பாய் பேசக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது என்று நடுவர் கேட்டார். நடுவருக்கும் மாமியார் உண்டு போலிருக்கிறது.

கடைசிப் புள்ளி. எதிரி அடித்த பந்து எங்கள் ஆள் ஒருவரின் கையில் பட்டுத் தெறித்துப் பெண்கள் பக்கம் பறந்தது. கிவும்பி இரண்டு கையாலும் தரையைத் தள்ளிக்கொண்டு அதன் பின்னால் வழுக்கினார். கண் பந்தின்மேல் இருந்தது. நேராகப் போய்ப் பாயில் மோதினார். பிடித்திருந்த பெண்கள் அலறிக்கொண்டு விட்டுவிட்டார்கள். பாய் மடங்கி விழுந்தது. சார்ஜன்ட்டின் தோள் மாமியாரின் முழங்காலில் இடித்தது. அவர் நிமிர்ந்தார். ஒரு சாண் தூரத்தில் நாலோங்கோவின் முகம். தலைத்துணி விலகி, வாய் திறந்து, இரண்டு கண்ணும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"மாப்பிள்ளை, பந்து!" என்று கத்தினாள் நாலோங்கோ.

தலைக்குமேல் இறங்கிக்கொண்டிருந்த பந்தை, திரும்பாமலே, பின்கையால் ஒரு குத்துக் குத்தினார். அது வலையைத் தாண்டிக் கோட்டுக்குள் விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். மசாக்கா ஜெயித்தது. கைதட்டியது தேசோக்காரி அகுருட் ஒருத்திதான். மற்ற எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நாலோங்கோ துணியால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

தேர்வாளர்கள் அவரைத்தான் எடுத்தார்கள். சட்டையை நீட்டினார்கள். கிவும்பி வாங்கவில்லை. "பாத்துட்டேன். தொட்டும் தொட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். மாமியாரைத் தொட்ட மாப்பிள்ளைக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும், மாமியாருக்கும் நடுங்கும், கடைசி வரை நிற்காது என்பது இங்கே எல்லாரும் அறிந்தது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு நாட்டுக்காக எப்படிப் பந்து அடிப்பது? அகுருட் தலையில் அடித்துக்கொண்டாள். சட்டையை என்னிடம் கொடுத்து, "நாளைக்கு மத்தியானம் வருவேன். வேணாம்னா வேற ஆளுக்குக் குடுக்கணும்" என்று சொல்லிப் போனாள்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. ஒருவனுக்கும் சீட்டு கிழியவில்லை. எல்லாரும் கிவும்பியின் கையைப் பார்க்க வந்தவர்கள். அவர் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் ஊசியின் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று.

"ஆரம்பிச்சிருச்சு" என்றான் ஒருவன், ரகசியமாக, தெருமுனை வரை கேட்கும்படி.

கிவும்பி ஊசியை வைத்துவிட்டார். எனக்கு அந்தக் கூட்டத்தைத் துடைப்பத்தால் விரட்ட வேண்டும் போலிருந்தது. சட்டை என் மடியில் பொட்டலமாக இருந்தது. கொடுக்கவும் பயம், வைத்திருக்கவும் வருத்தம்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை."

"அத்தை."

"கை நடுங்குதா?"

"ஊரே நின்னு பாத்தா யாருக்குத்தான் நடுங்காது?"

"அது சரி. என் கையப் பாக்குறீங்களா?"

"ஐயோ, பாக்கக் கூடாது அத்தை."

"மொகத்தையே பாத்தாச்சு. கையில என்ன இருக்கு? பெத்ரா, அந்தத் தேத்தண்ணிய ஊத்து. இன்னும் ஊத்து. விளிம்பு வரைக்கும் ஊத்துடி, கஞ்சத்தனம் பண்ணாத."

"அம்மா, சிந்தும்" என்றாள் பெத்ரா உள்ளேயிருந்து.

"சிந்துதான்னு பாக்கத்தான ஊத்தச் சொல்றேன்."

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கறுத்து, நரம்பு புடைத்த கை. அதில் இஞ்சித் தேநீர் விளிம்போடு விளிம்பாக நின்ற ஓர் எனாமல் கோப்பை. கை நீண்டது, நீண்டபடியே நின்றது. மோட்டார் சைக்கிள்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். தேநீர் கண்ணாடி போல அசையாமல் இருந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கை கோப்பையைத் தரையில் வைத்து உள்ளே போயிற்று.

"ஆறிடப் போகுது" என்றது குரல்.

கிவும்பி கோப்பையைப் பார்த்தார். ஊன்றுகோலை எடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னிலையில் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினார். கைகளால் தள்ளிக்கொண்டு வாசல் வரை நகர்ந்து போய், கோப்பையை இடது கையில் எடுத்து நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. திரும்பாமலே, வலது கையைச் சட்டைக்காக என் பக்கம் நீட்டினார்.